பிரேக்கைப் பார்க்காதவர்கள்

பிள்ளை வண்டி வாங்க வருகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் முட்டாள்கள் என்பது சோபியாவின் தீர்மானம். மீதிப் பத்துப் பேர் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள். அவர்களைப் பற்றி அவளுக்கு அபிப்பிராயம் எதுவும் கிடையாது.

ஆறு வருஷம் அவள் புரசைவாக்கத்தில் ஒரு குழந்தைச் சாமான் கடையில் வேலை பார்த்தாள். தினமும் தன் ஊரான தோணிரேவிலிருந்து கிளம்பி, பஸ்ஸில் திருப்பாலைவனம் வழியாகப் பொன்னேரி, அங்கிருந்து ரயில், அப்புறம் இன்னொரு பஸ். மாடியில் வண்டிகள் பிரிவு அவளுடையது. ஒரு குடும்பம் ஏறிவரும். புருஷன், பெண்டாட்டி, மாமியார், சும்மா கூட வந்த மச்சினி. நான்கு பேரும் முதலில் பார்ப்பது கலர். அப்புறம், "காபி கப் வைக்க இடம் இருக்கா?" அப்புறம், "பாட்டு பாடுமா?" சக்கரத்தைக் குனிந்து பார்த்தவர்களை அவள் விரல்விட்டு எண்ணிவிடுவாள். பிரேக்கைக் காலால் மிதித்துப் பார்த்தவர் ஆறு வருஷத்தில் ஒரே ஒருவர், அவர் லாரி ஓட்டுகிறவர்.

வந்த புதிதில் எடுத்துச் சொல்லத்தான் செய்தாள். "இதுல கைக்குழந்தைய வைக்கக் கூடாதுங்க. முதுகு மட்டமா படுக்கணும். கழுத்து நிக்காத புள்ளைய உக்காத்தி வெச்சா தாடை நெஞ்சுல இடிச்சு மூச்சு அடைக்கும்." முதலாளி ஹரிஹரன் அவளைத் தனியே கூப்பிட்டார். "நீ என்ன டாக்டரா? அவங்களுக்குப் பிடிச்சதை பேக் பண்ணும்மா." அதற்குப் பிறகு அவள் பேசாமல் பேக் பண்ணினாள். ஊதாக் கலரைக் கேட்டவர்களுக்கு ஊதா, பாட்டுக் கேட்டவர்களுக்குப் பாட்டு. சிரித்த முகத்தோடு வாசல்வரை கொண்டுபோய்க் கொடுத்தாள். மனசுக்குள் அவர்களை எந்தப் பெயரால் அழைத்தாள் என்பதை இங்கே எழுத முடியாது.

ஹரிஹரனுக்கும் அந்த மனசில் இடம் இருந்தது. கடைச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு கர்ப்பிணியின் படம், வயிற்றில் கை வைத்துச் சிரிக்கிற மாதிரி. சோபியா இரண்டாவது முறை உண்டாகி, வயிறு தெரிய ஆரம்பித்து, நிற்க முடியாமல் ஸ்டூலில் அடிக்கடி உட்கார்ந்தபோது, அந்தப் படத்துக்குக் கீழே நின்றுகொண்டுதான் அவர் சொன்னார்.

"நீ வீட்டுல ரெஸ்ட் எடும்மா. வயித்தோட நீ உக்காந்திருந்தா கஸ்டமருக்கு ஒரு மாதிரி இருக்கு."

"பிரசவம் ஆனதும் வரட்டுமா சார்?"

"பாக்கலாம். போகும்போது குடோன்ல ஒரு வண்டி எடுத்துக்கோ. எது வேணும்னாலும். என் கிஃப்ட்."

மற்ற பெண்கள் அவளை முழங்கையால் இடித்தார்கள். எடுத்துப் பெட்டியோடு வெளியே விற்றுவிடு என்றாள் ஒருத்தி. சோபியா குடோனுக்குள் போய் ஒரு காலைப்பொழுது முழுக்க அங்கேயே இருந்தாள். வீட்டில் மூத்தவன் ஜோயல், ஒன்றேமுக்கால் வயது. வயிற்றில் இன்னொன்று. இரண்டையும் தூக்கிக்கொண்டு தோணிரேவிலிருந்து பழவேற்காடு ஆஸ்பத்திரிக்கு நடக்க வேண்டும், தடுப்பூசிக்கு, காய்ச்சலுக்கு, எதற்கும். புருஷன் சாம்சன் ஏரியில் நண்டு வலை போடுகிறவன். வலை நாளில் அவனை நம்ப முடியாது.

இரண்டு பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் வண்டியை முதலில் ஒதுக்கினாள். அவர்கள் சந்தில் இரண்டு பக்கமும் வலை காயும். அந்த அகலம் உள்ளே நுழையாது. முன்னும் பின்னுமாக உட்காரும் வண்டி லாரி மாதிரி நீளம். திருப்ப ரெண்டு கை வேண்டும், பின்னால் இருக்கிற பிள்ளைக்கு முன்னால் இருப்பதன் முதுகைத் தவிர எதுவும் தெரியாது. சின்னச் சின்ன பிளாஸ்டிக் சக்கரங்கள் ஷாப்பிங் மாலின் பளிங்குத் தரைக்குச் சரி, மணலில் அரை அடி போகாது. தன் பேட்ஜின் பின்னால் இருந்த காந்தத்தைக் கழற்றி ஒவ்வொரு கம்பியிலும் வைத்துப் பார்த்தாள். ஒட்டினால் இரும்பு. உப்புக் காற்றில் ஒரு மழைக்காலம் தாண்டாது.

கடைசியில் மூலையில் கிடந்த ஒன்றை வெளியே இழுத்தாள். மூன்று சக்கரம், சைக்கிள் மாதிரி காற்று அடைக்கிற ரப்பர் டயர். அழுக்குப் பழுப்புக் கலர். யாரோ வாங்கி, கலர் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுத்தது. இருக்கை முழுசாக மட்டமாகப் படுத்தது. காந்தம் ஒட்டவில்லை. பிரேக்கை ஒரு மிதி மிதித்தால் பின்சக்கரம் இரண்டும் சேர்ந்து பூட்டிக்கொண்டன. ஒரே கையால் மடக்க முடிந்தது. நடக்கத் தெரிந்த பிள்ளை நிற்பதற்குப் பின்னால் மாட்டுகிற சக்கரப் பலகை ஒன்றும் வேறொரு பெட்டியில் கிடைத்தது. சின்னது படுக்கும், பெரியது நிற்கும்.

ஹரிஹரன் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இதுவா? இவ்வளவு இருக்கும்போது இதையா எடுக்கறே?" அவர் முகத்தில் ஒரு நிம்மதி வேறு. கடையிலேயே நல்ல வண்டியைத்தான் கொடுக்கிறோம் என்பதுகூடத் தெரியாத மனிதர் இருபது வருஷமாக வண்டி விற்கிறார் என்று நினைத்துக்கொண்டு, "போதும் சார்" என்றாள்.

சாம்சன் வந்து தூக்கிக்கொண்டான். ரயிலில் அனுப்பம்பட்டு வரைக்கும் ஒரு ஆள் அதன்மேல் காலை வைத்துக்கொண்டு வந்தான். பொன்னேரி பஸ்ஸில் கண்டக்டர், "இன்னாம்மா இது, பாதி ஆட்டோவா? இத்த எங்க வெப்பே?" என்றார்.

ஊரில் அதைவிட மோசம். தோணிரேவில் ஒவ்வொருவரும் வந்து டயரை ஒரு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லிப் போனார்கள். "மீன் வண்டி வாங்கிகினு வந்துகிறா." "இடுப்பு இல்லாதவளுக்குத்தான் வண்டி." சாம்சனின் அண்ணன் பால்ராஜுக்குத்தான் நெஞ்செரிச்சல் அதிகம். அவர் நண்டு ஏஜெண்ட். ஊர் நண்டையெல்லாம் எடைபோட்டு, ஐஸ் வைத்து, மெட்ராஸுக்கு அனுப்புகிறவர். வெள்ளைச் சட்டை, மார்பில் தொங்கும் கறுப்புக் கண்ணாடி. எந்த விசேஷத்திலும் மைக் அவர் கைக்கு வந்துவிடும், அப்புறம் யாரும் வாங்க முடியாது.

"ஏன்டா சாம்சா, எவனோ வேணாம்னு திருப்பிக் குடுத்த வண்டிலயா நம்ம வூட்டுப் புள்ளைங்க போவணும்? நாலு பேரு இன்னா நெனைப்பான்?"

சாம்சன் தரையைப் பார்த்தான். அண்ணன் எதிரில் தரையைப் பார்ப்பது அவனுக்குச் சின்ன வயசிலிருந்தே பழக்கம். அந்த ஒரு விஷயத்துக்காக மட்டும் சோபியா அவனையும் கொஞ்சம் இளக்காரமாகத்தான் நினைத்தாள், மற்ற எல்லாவற்றுக்கும் அவன்மேல் உயிராக இருந்தாலும்.

பெண் குழந்தை பிறந்தது. ரோஸ்லின் என்று பெயர். ஒன்றரை மாதத்தில் தடுப்பூசி. சோபியா குழந்தையை வண்டியில் படுக்கவைத்து, பெல்ட் போட்டு, மேலே துணி இழுத்து, ஜோயலைப் பின்பலகையில் தன் இரண்டு கைக்கும் நடுவில் நிற்கவைத்துக்கொண்டு கிளம்பினாள். மணலில் வண்டி சும்மா மிதந்து போனது. இரண்டு வீட்டு வாசலில் ஆட்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். ஒருத்தி தன் இறால் பையைக் கொண்டுவந்து, "பழவேற்காட்டுக்குத்தான போறே, இத்த மாட்டிகினு போ" என்று கைப்பிடியில் மாட்டப்போனாள்.

"எடு அத்த. கைப்பிடில கனம் மாட்டுனா வண்டி மல்லாந்துக்கும்."

"ம்க்கும். ஏரோப்ளேன் ஓட்டுறா" என்று சொல்லிவிட்டு அவள் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

சோபியா தலையை நிமிர்த்திக்கொண்டு தார் ரோட்டில் ஏறினாள். இருநூறு அடி போவதற்குள் முன்சக்கரம் உஸ்ஸென்றது. குனிந்து பார்த்தாள். சீமைக்கருவேல முள், சுண்டுவிரல் நீளம். ரோட்டோரம் முழுக்க அந்த மரம்தான். பிறந்ததிலிருந்து அந்த முள்ளை மிதித்து வளர்ந்தவள் அவள். குடோனில் கம்பிக்கெல்லாம் காந்தம் வைத்துப் பார்த்தவளுக்கு, காற்று டயரும் கருவேல முள்ளும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது மட்டும் தோன்றவே இல்லை.

சைக்கிள் பஞ்சர் கடை தருமலிங்கம் டயரைக் கழற்றி டியூபைத் தண்ணீரில் முக்கினார். குமிழி மூன்று இடத்தில் வந்தது.

"ஆறு வருசம் இதே வண்டிதானம்மா வித்தே?"

"ஆமா."

"நம்ம ஊரு ரோட்ட பாத்ததே இல்லியா?"

சோபியா ரோஸ்லினைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். கலரைப் பார்த்து வாங்கிப்போன அத்தனை பேரும் வரிசையாக நின்று தன்னைப் பார்ப்பது போல இருந்தது. 'போடி முண்டம்' என்று தன்னையே திட்டிக்கொண்டாள். தருமலிங்கம் ஒரு பழைய சைக்கிள் டயரைப் பட்டையாக அறுத்து, டியூபுக்கும் டயருக்கும் நடுவில் மூன்று சக்கரத்திலும் சுற்றி வைத்தார். "இனிமே முள்ளு உள்ள வராது. கொஞ்சம் கனமா தள்ளும், அவ்ளோதான்." சொன்னபடியே நடந்தது. அதற்குப் பிறகு வண்டிக்கு ஒரு தடவைகூடக் காற்று இறங்கவில்லை.

ரோஸ்லினுக்கு மூன்றாம் மாதம் ஞானஸ்நானம் வைத்தார்கள். ஞானத்தகப்பன் பால்ராஜ். வேறு யாரையும் கேட்டிருந்தால் குடும்பமே இரண்டாகியிருக்கும். பத்து நாள் முன்னால் அவர் சோபியா வீட்டு வாசலில் ஒரு பெரிய அட்டைப்பெட்டியை இறக்கினார். ஃபோனில் பார்த்து வரவழைத்தது. எல்லோரையும் கூப்பிட்டு நிற்கவைத்து, ஆட்களை விட்டுப் பிரித்து, பாகங்களை மாட்டவைத்தார்.

ஊதாக் கலர். முன்னும் பின்னும் இரண்டு இருக்கை. மேலே ஜரிகை வைத்த குடை. பித்தானை அமுக்கினால் சக்கரத்தில் லைட் எரிந்து, ஒரு பாட்டு வந்தது. ஊரே வாயைப் பிளந்தது.

"இது வண்டி!" என்றார் பால்ராஜ். "ஞானஸ்நானத்தன்னிக்கு ரெண்டு புள்ளையும் இதுலதான் சர்ச்சுக்கு வரணும். ட்ரோன் கேமராக்காரனுக்கு சொல்லிட்டேன்."

சோபியா அதைச் சுற்றி ஒரு தடவை வந்தாள். கடை முழுக்கத் தான் பேக் பண்ணிக் கொடுத்த முட்டாள்தனம் அட்ரஸ் கேட்டு வீட்டுக்கே வந்துவிட்டது என்று நினைத்தாள். இருக்கையைப் படுக்கவைத்துப் பார்த்தாள். பாதியில் நின்றுவிட்டது. பிரேக்கை மிதித்தாள். ஒரு பக்கச் சக்கரத்தில் மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாக்கு போய் லேசாக உரசியது.

"இதுல ரோஸ்லின வைக்க முடியாது மாமா. முதுகு மட்டமா படுக்கல. பிரேக்கும் நிக்காது."

"புது வண்டிம்மா. கொஞ்ச நாள் ஓடுனா பிரேக்கு செட்டாவும்."

அவள் உள்ளே போய் அரிசி சிப்பத்தை இழுத்துவந்தாள். முன்இருக்கையில் ஏற்றி, பெல்ட் போட்டு, வாசலுக்கு எதிரே படகு ஏற்றும் சிமெண்ட் சரிவின் மேல்முனையில் நிறுத்தி, பிரேக்கை மிதித்துவிட்டுக் கையை எடுத்தாள். வண்டி ஒரு நொடி யோசித்தது. அப்புறம் லைட்டும் பாட்டுமாக இறங்க ஆரம்பித்தது. சோபியா இரண்டே எட்டில் பிடித்துவிட்டாள்.

"பாத்தீங்களா?"

"அரிசி மூட்டைய வெச்சா எந்த வண்டிதான் நிக்கும்?" என்றார் பால்ராஜ். நாலு பேர் தலையாட்டினார்கள்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது சாம்சன் மெதுவாக ஆரம்பித்தான். "சர்ச்சு வரைக்கும்தான? வேணாம்னா அண்ணன் மனசு நோவும்."

"ஜோயலு நைனா, உங்க அண்ணன் மனசுக்கு பெல்ட்டு போட்டு அதுல வெச்சு நீயே தள்ளிகினு போ. என் புள்ளைங்க வராது."

கடைசியில் ஒரு ஏற்பாடு. வண்டி சர்ச் வாசலில் நிற்கலாம். வருகிற அன்பளிப்புப் பொட்டலங்களை அதில் வைக்கலாம். பிள்ளைகளை வைக்கக் கூடாது. பால்ராஜ் "சரி சரி" என்றார். சரி சரி என்று இரண்டு தடவை சொல்கிறவரை நம்பக் கூடாது என்று சோபியாவுக்குத் தெரியும். ஆனாலும் விட்டாள்.

அன்றைக்கு உள்ளே எல்லாம் நல்லபடியாக நடந்தது. ஃபாதர் முறைப்படி ஞானத்தகப்பனைக் கேட்டார், பிள்ளையை வளர்ப்பதில் பெற்றோருக்குத் துணையாக இருக்கத் தயாரா என்று. பால்ராஜ் மைக்கில் பேசுகிற குரலில் "தயார்" என்றார். தலையில் தண்ணீர் ஊற்றியதும் ரோஸ்லின் வீறிட்டாள். சோபியா குழந்தையைத் தூக்கிக்கொண்டு பால் கொடுக்கப் பக்கத்து அறைக்குள் போனாள். போகும்போது ஜோயலைச் சாம்சனிடம் விட்டுவிட்டுத்தான் போனாள். சாம்சனைப் பந்தலுக்கு நாற்காலி இறக்க யாரோ கூப்பிட்டார்கள். "புள்ளைய நான் பாத்துக்கறேன், நீ போ" என்றார் பால்ராஜ்.

வாசலில் கார் வந்து நின்றது. தமிழ்வேந்தன் இறங்கினார். கட்சியில் ஒன்றியத்தில் ஏதோ ஒரு பொறுப்பு. பால்ராஜின் அழைப்பு. ட்ரோன் மேலே ஏறி வண்டு மாதிரி இரைந்தது. பால்ராஜ் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கவில்லை. பொட்டலங்களை எடுத்துக் கீழே போட்டார், ஜோயலை முன்இருக்கையில் உட்காரவைத்தார், லைட்டைப் போட்டார், தள்ளிக்கொண்டு போய்த் தலைவர் முன்னால் நிறுத்தினார். பெல்ட் போடவில்லை. போட்டால் பிள்ளையின் புதுச் சட்டை மறையும். அப்புறம் சால்வை போடுவதற்கு இரண்டு கையையும் தூக்கினார்.

சர்ச் முற்றத்திலிருந்து ஏரிக்கரைக்குச் சரிவாகத்தான் சிமெண்ட் பாதை. வண்டி இறங்கியது. முதலில் மெதுவாக, பாட்டுப் பாடிக்கொண்டே. பெண்கள் கத்தினார்கள். சால்வை பாதி தோளில் கிடக்கத் தமிழ்வேந்தன் கேமராவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழே வேன் பக்கத்தில் சாம்சன் இரண்டு கையிலும் நாற்காலி அடுக்கோடு நின்றான். சத்தம் கேட்டுத் திரும்பினான். நாற்காலிகளைப் போட்டுவிட்டுக் குறுக்கே பாய்ந்தான். வண்டியின் முன்கம்பி அவன் முழங்காலுக்குக் கீழே மோதி எலும்பு தெரிகிற அளவுக்குக் கிழித்தது. ஜோயல் இருக்கையிலிருந்து எகிறி அவன் மார்பில் வந்து விழுந்தான். இரண்டு பேரும் மணலில் மல்லாந்தார்கள். அதற்கு அந்தப் பக்கம் பத்தடியில் படகுகளின் நங்கூரங்கள் கிடந்தன.

பெண்கள் ஓடிவந்தார்கள். ஜோயல் தலையைத் தூக்கி, "நைனா, மறுக்கா!" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள், பயம் தெளிந்த சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு பால்ராஜ் தமிழ்வேந்தன் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா தலைவரே! வண்டி எவ்ளோ ஸ்மூத்தா ஓடுது!"

சோபியா அப்போதுதான் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தாள். கீழே புருஷன் காலில் ரத்தம். அவன் மேல் மூத்தவன். அப்பால் குடை பிய்ந்து கிடந்த ஊதா வண்டி, இன்னும் பாடிக்கொண்டிருந்தது. காதில் இந்த வார்த்தை. அவள் கத்தவில்லை. நேரே பால்ராஜ் முன்னால் போய் நின்றாள்.

"மாமா, உள்ள ஃபாதர் உங்கள ஒண்ணு கேட்டாரே. புள்ளைய வளக்குறதுல பெத்தவங்களுக்குத் துணையா இருப்பியானு."

"ஆமா, அதுக்கு இன்னா?"

"தயார்னு சொன்னீங்க. சொல்லி எவ்ளோ நேரம் ஆச்சு?"

பால்ராஜ் கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். கூட்டத்தில் பின்னாலிருந்து யாரோ ஒரு கிழவர், கேள்வி தன்னைத்தான் கேட்டது போல, "கால் மணி நேரம் இருக்கும்மா" என்றார்.

தமிழ்வேந்தன் சால்வையை மடித்துக்கொண்டே சோபியாவிடம், "பாத்து இருக்கணும்மா, தாய்மார்கள்தான் கவனமா இருக்கணும்" என்று அறிவுரை சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பதில் சொல்லும் அளவுக்கு அங்கே ஒரு ஆள் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. சாம்சனைக் கைத்தாங்கலாக எழுப்பி உட்காரவைத்து, தன் புதுப் புடவை முந்தானையால் காலைக் கட்டினாள்.

"அண்ணன் மனசு நோவுமேன்னு..." என்றான் அவன்.

"இப்ப உன் காலு நோவுதில்ல? ரெண்டுல எது பெரிசு?"

அவன் முதல் தடவையாகத் தரையைப் பார்க்காமல் மேலே, அண்ணன் நின்ற பக்கம் பார்த்தான். பால்ராஜ்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

காலில் ஏழு தையல். இருபது நாள் ஏரிக்கு இறங்கக் கூடாது என்றார்கள். அந்த இருபது நாளும் சோபியா மூன்று சக்கர வண்டியில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பழவேற்காட்டுக்குப் போய்வந்தாள். மருந்து, கட்டு, ரோஸ்லினின் அடுத்த ஊசி. ஏரோப்ளேன் என்று சொன்னவளும் ஒரு நாள் கூடவே நடந்துவந்தாள், பையைத் தன் தலையிலேயே வைத்துக்கொண்டு.

பால்ராஜ் பத்து நாள் அந்தப் பக்கமே வரவில்லை. ஊதா வண்டியைத் தன் நண்டு ஷெட்டுக்கு எடுத்துப்போயிருந்தார். அங்கே ஒரு ஐஸ் பெட்டியை அதில் ஏற்றித் தள்ளிப் பார்த்தார்களாம். இரண்டாவது சுற்றிலேயே அச்சு வளைந்துவிட்டதாம். பிள்ளைக்கு லாயக்கில்லாதது நண்டுக்கும் லாயக்கில்லை என்றாகிவிட்டது. ஒரு நாள் காலையில் அதை இழுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார் என்று சாம்சன் நினைத்து நாற்காலியை எடுத்துப்போட்டான்.

"சோபியா, நீ கடைல இருந்தவ. இத்த திருப்பிக் குடுத்தா எடுத்துக்குவானா?"

அவளுக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டு, ஆறு வருஷம் பேசின அதே மரியாதையான குரலில் கேட்டாள்.

"பில் இருக்கா மாமா?"

"ஃபோன்ல இருந்துச்சு. அழிச்சிட்டேன்."

"அட்டைப்பெட்டி?"

"அதுலதான் நண்டு அனுப்புனேன்."

"ஒரு வாரத்துக்குள்ள குடுக்கணும். அச்சு வேற வளைஞ்சுகீது. எதுல வளைஞ்சதுன்னு கேட்டா ஐஸ் பெட்டின்னா சொல்வீங்க?"

"ஒரு வார்த்தை பேசிப் பாரேன்."

"எடுக்க மாட்டாங்க மாமா. நானா இருந்தாலும் எடுக்க மாட்டேன்."

பால்ராஜ் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். சாம்சனின் கால் கட்டைப் பார்த்தார்.  அப்புறம், "வெயில் ஜாஸ்தி" என்றார். வண்டியைத் திருப்பித் தள்ளினார். சந்து முனையில் மணலில் முன்சக்கரம் புதைந்தது. இழுத்தார், உதைத்தார், அப்படியும் இப்படியும் ஆட்டினார். கடைசியில் அதைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டு, வெள்ளைச் சட்டையில் சக்கரத்தின் மணல் கொட்ட, ஊரே பார்க்க நடந்து போனார்.

"நான் போயி ஒரு கை பிடிக்கட்டுமா?" என்றான் சாம்சன்.

"உக்காரு. தையல் பிரிஞ்சிடும்" என்றாள் சோபியா.